யாரால் என்னும் கட்டம்

காலை ஆறரைக்குச் சொல்நிரை வரும். யாழ்ப்பாணத்தில் எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையிலும் காட்டி என்னும் கைத்திரையை மறு கையிலும் வைத்துக்கொண்டு அதைத்தான் பார்ப்பார்கள். முன்னொரு காலத்தில் மழை வருமா என்று பார்த்தார்களாம். இப்போது எந்தச் சொல் செல்லும், எந்தச் சொல் செல்லாது என்று பார்க்க வேண்டியிருந்தது.

அன்று மூன்று சொற்களுக்கு முத்திரை விழுந்திருந்தது. 'வெளியேற்றம்' செல்லும். 'விரட்டியடிப்பு' இனிச் செல்லாது. மூன்றாவது ஏதோ பஞ்சம் பற்றியது. கோசலை அதை வாசிக்கவில்லை. தனக்கு வேண்டிய சொல் நிரையில் இல்லை என்று உறுதியானதும் மூச்சை விட்டாள். முத்திரை விழாதவரைக்கும் சொல்லுக்கு உயிர் இருக்கிறது.

அவள் ஓர் அழைப்பிதழ் எழுதிக்கொண்டிருந்தாள். 'கடல்மணிப் படகில் காணாமல் ஆக்கப்பட்டோரின் பத்தொன்பதாம் ஆண்டு நினைவு.' 'ஆக்கப்பட்டோர்' என்று அடித்த உடனே எழுத்து மஞ்சளானது. ஓரத்தில் குறிப்பு ஓடியது: 'சொல் நிலுவையில். முத்திரை வரை இரு வடிவமும் செல்லும்.'

மஞ்சள் என்றால் பிழைத்திருக்கிறது. சாம்பல் என்றால் கதை முடிந்தது. அதன்பிறகு நீங்கள் எதை எழுதினாலும் காட்டி 'காணாமல் போனோர்' என்று திருத்திவிடும். கடிதத்தில், பாடப்புத்தகத்தில், கல்லறைக் கல்லில். தொலைபேசியில் சொன்னால்கூட, உங்கள் குரலிலேயே, உங்கள் விம்மலோடேயே, திருத்திய சொல்தான் எதிர்முனைக்குப் போகும்.

தொலைபேசி அடித்தது. பரமேசு மாமி. கடல்மணி உறவினர் சங்கத்தின் தலைவி; எழுபத்தெட்டு வயது; வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை.

"என்னடி பிள்ளை, அழைப்பிதழ் முடிஞ்சுதோ?"

"முடியுது மாமி. சொல் இன்னும் மஞ்சள்தான்."

"பத்தொன்பது வருசமா மஞ்சள். காமாலைக்காரனுக்கே இவ்வளவு நாள் இராது. உங்கட கந்தோரில நீ என்னத்தைத்தான் பிடுங்கிறாய்?"

"இண்டைக்கு விசாரணை மாமி. இண்டையோட முடிஞ்சிடும்."

"அந்த ரஷ்யாக்காரன்ர கப்பலோ? எங்கட படகுக்கும் அவன்ர கப்பலுக்கும் என்னடி சம்பந்தம்? அவன் எங்கை, நாங்கள் எங்கை?"

"வந்து வடிவாச் சொல்லுறன் மாமி."

"ஆறு வருசமா வடிவாத்தான் சொல்லுறாய். எனக்கொண்டும் விளங்கேல்லை. ஆனா வெண்டுபோட்டு வா." வைத்துவிட்டாள்.

சம்பந்தம் இருந்தது.

பொய்ப்படங்களின் காலம் என்று ஒன்று இருந்தது. எந்தக் காட்சியையும் எவனும் செய்யலாம். எந்தக் குரலையும் எவனும் பேசலாம். ஒரு போர் நடந்ததா இல்லையா என்று அதில் கால் இழந்தவனிடமே வாதாடினார்கள். உலகம் களைத்துப்போய் ஒரு முடிவுக்கு வந்தது: இறந்தகாலத்துக்கு ஒரே பதிவு, ஒரே நீதிபதி. மெய்ப்பதிவகம் பிறந்தது. அதன் மூளைக்குத் தமிழில் நடுவம் என்று பெயர். நடந்தவை ஒவ்வொன்றையும் அது ஆராய்ந்து, ஒரு சொல்லால் முத்திரையிடும். ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும், காலத்தால் மூத்தது எதுவோ அதுவே முன்மாதிரி. மூத்ததற்கு விழுந்த சொல்தான் அதன் பின்னால் வரிசையில் நிற்கும் எல்லாவற்றுக்கும்.

'கலத்தில் சென்று, உடலும் கிடைக்காமல், செய்தியும் வராமல் போனவர்கள்' என்ற வகையில் கடல்மணி கடைசியிலிருந்து நான்காவது. வரிசையின் தலையில் நின்றது 'நதேஷ்தா ஸிமினா'. சோவியத் பயணிகள் கப்பல். ஆண்டு 1941; இருநூறு வருடத்துக்கும் முந்தியது.

இதைத் தெரிந்துகொண்ட அன்றே கோசலை ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கினாள். மெய்ப்பதிவகத்தின் யாழ்ப்பாணக் கிளைக் கந்தோரில் சொற்பொறுப்பாளராக வேலைக்கும் சேர்ந்தாள். மொழிபெயர்ப்பை இயந்திரமே செய்யும். ஆனால் ஒரு சொல்லின் பாரத்துக்கு ஒரு மனித வாய்தான் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். அந்த வாய் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

கடல்மணியில் போனவர்கள் முந்நூற்றுப் பதினொரு பேர். எல்லைநீர்ச் சண்டையின்போது, காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு. நடுக்கடலில் இலக்கமில்லாத கறுப்புப் படகுகள் மறித்ததாகச் சொன்னார்கள். நான்காம் நாள் படகு மட்டும் கிடைத்தது. பொதிகள் அடுக்கியபடியே இருந்தன. ஆட்கள் இல்லை. அந்த முந்நூற்றுப் பதினொருவரில் ஒருவன் துஷ்யந்தன், கோசலையின் தம்பி, இருபத்தொரு வயது.

'காணாமல் போனோர்' என்றால் அவர்களாகவே எங்கோ போனார்கள். கோப்பு மூடப்படும். 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றால் ஆக்கியவன் ஒருவன் வேண்டும். நடுவத்தின் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. அதன் தலைப்பு 'யாரால்'. அந்தக் கட்டம் ஒருமுறை திறந்தால் வெறுமையாக விட முடியாது. நடுவம் தோண்டித் தோண்டி ஒரு பெயரை எடுத்தே தீரும்.

அந்தப் பெயர்தான் கோசலைக்கு வேண்டும்.

*

ஸிமினாவைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. போருக்கு முன் அது கோடைதோறும் லெனின்கிராட்டிலிருந்து லண்டனுக்குப் போய் வந்த அழகி. உணவுக்கூடத்தில் தொட்டிப் பனைகள். ஒரு வெள்ளைப் பியானோ. போர் வந்ததும் சாம்பல் நிறம் பூசினார்கள். பனைகளைத் தூக்கிப் போட்டார்கள். பியானோ மட்டும் வாசலுக்குள் நுழையாததால் அங்கேயே கிடந்தது.

டிசம்பரில், பின்லாந்து வளைகுடாவில் எதிரியின் முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு முனையிலிருந்து படையினரையும் தாதியரையும் ஏற்றிக்கொண்டு அது புறப்பட்டது. ஐந்நூறு பேருக்குக் கட்டிய கப்பலில் நாலாயிரத்துக்கு மேல். பியானோவின் மேல்கூடக் காயப்பட்டவர்களைப் படுக்க வைத்தார்களாம். வழியில் கடற்கண்ணிகள் மூன்று வெடித்தன. கப்பல் மூழ்கவில்லை, நகர முடியாமல் நின்றது. சிறு கலங்கள் வந்து ஆயிரத்தெண்ணூறு பேரை எடுத்தன. கரையிலிருந்து பீரங்கி பேசத் தொடங்கியதும் போய்விட்டன. மிச்சப் பேரோடு ஸிமினா எதிரியின் கரைப்பக்கம் மிதந்தது.

பட்டியல் இல்லை. திரும்பியவர்களும் இல்லை. வீடுகளுக்கு அரைத்தாள் ஒன்று வந்தது. அதில் மூன்று சொற்கள். தமிழில் நேராகச் சொன்னால் 'செய்தியின்றி மறைந்தார்'. நம் ஊரில் மறைந்தார் என்றால் இறந்தார் என்பதற்கு மரியாதை. அங்கே அது சந்தேகம். சரணடைந்தானோ, காட்டிக் கொடுத்தானோ என்று அக்கம்பக்கம் கண்ணால் கேட்டது. விட்டுவிட்டு வரச் சொன்னது யார் என்று எந்தத் தாளிலும் இல்லை.

ஆறு வருடமாகக் கோசலை தேடியது அந்த ஒரு பெயரைத்தான். போன மாதம் கிடைத்தது. வடக்கே ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தின் அலமாரியில் ஒரு குறிப்பேடு. எழுதியவர் லெப்டினன்ட் அர்சேனி கோபிலின். கடைசியாகத் திரும்பிய சிறு கலத்தின் தலைவர். வயது இருபத்து நான்கு.

முப்பத்தோராம் பக்கம்: 'மணி ஐந்து. கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். மேல்தளத்தில் இரண்டாயிரம் பேருக்கு மேல் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. நான் அவர்களை விட்டுவிட்டு வந்தேன். நான்.'

விசாரணைக்கு ஒரு மணிநேரம் இருந்தது. கிளைத் தலைவர் சபாநாதன் அவளுடைய மேசைக்கு வந்து, புட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே கோப்பைப் புரட்டினார்.

"முப்பத்தோராம் பக்கம் இருக்கு. முப்பத்திரண்டு எங்கை?"

"தேவையில்லை சேர்."

"தேவையோ இல்லையோ, எங்கை?"

அவள் இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் வாய்விட்டு வாசித்தார். "'மூன்று முறை போனேன். மூன்றாம் முறைக்குப் பிறகு எண்ணெய் இல்லை. மறுநாள் கடற்படைத் தளத்தில் திரும்பப் போக அனுமதி கேட்டேன். இல்லை என்றார்கள். மறுபடி கேட்டேன். அந்தக் கப்பலை மறந்துவிடு என்றார்கள்.'" தாளைக் கீழே வைத்தார். "என்றார்கள். ஆர் எண்டது?"

"பேர் இல்லை சேர். அதுதான் பிரச்சினை. இந்தப் பக்கத்தைக் குடுத்தால், நடுவம் 'சொன்னவர் அடையாளம் இல்லை' எண்டு போட்டு, கட்டத்தை மூடிப்போடும். பேந்து 'போனோர்' தான்."

"அதுக்காக? மூண்டு தரம் போய் ஆக்களைக் காப்பாத்தின பெடியனைக் கொண்டுபோய்க் குற்றவாளியாக்கப் போறீரோ? அந்த மனுசன் மனம் நொந்து தன்னைத் தானே ஏசி எழுதியிருக்கு. வாக்குமூலமே அது?"

"அவர் செத்து இருநூறு வருசம் சேர். அவருக்கு இனி என்ன நட்டம்? எனக்குச் சொல் வேணும்."

சபாநாதன் புட்டை அப்படியே மடித்தார். "கோசலை, நான் உம்மடை கந்தோர்த் தலைவர்தான், ஆனா பொறுப்பு வாய் உம்மடை. நான் வாய் வைக்கேலாது. ஒண்டு மட்டும் சொல்லுறன். இது அந்தாளுக்குச் செய்யிற அநியாயம்."

"எங்களுக்குச் செய்ததை விடவோ?" என்று கேட்டாள் கோசலை.

அவள் முப்பத்திரண்டாம் பக்கத்தை இழுப்பறைக்குள் வைத்துத் தள்ளினாள்.

*

நடுவத்தின் குரல் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் ஒரு தமிழ். விசாரணைக் கூடத்தில் கோசலை தனியாக நின்றாள். கண்ணாடிக்கு அப்பால் சபாநாதன்.

"சொற்பொறுப்பாளர் கோசலை. 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்ற சொல்லை முன்மொழிகிறீர்கள். அச்சொல் செயப்பாட்டு வினை. 'யாரால்' என்ற கட்டம் நிரப்பப்பட வேண்டும்."

"லெப்டினன்ட் அர்சேனி கோபிலினால்."

"சான்று?"

"குறிப்பேட்டின் முப்பத்தோராம் பக்கம். தன் கைப்பட எழுதியது."

"இவர் மேலிடத்தின் ஆணையை நிறைவேற்றியவராக இருக்கக் கூடுமா?"

கோசலை கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. "ஆணை எதுவும் பதிவில் இல்லை," என்றாள். சொல்லளவில் அது உண்மை.

"மூலத்தில் 'நான்' இருமுறை வருகிறது. தமிழில் 'வந்தேன்' என்ற வினையே எழுவாயைக் காட்டும். இரண்டாவது 'நான்' தேவைதானா?"

"தேவை. அவர் மற்றவர்மேல் பழியைப் போடவில்லை. தன்மேலேயே போட்டுக்கொள்கிறார். அதுதான் அந்த 'நான்'."

"அதாவது, தன்னிலையில் செய்யப்பட்ட ஒப்புதல்."

"ஆம்."

"அதற்கு மேல் சூழலை ஆராய வேண்டியதில்லை என்பது உங்கள் நிலைப்பாடா?"

"ஆம்," என்றாள் கோசலை, சற்று அவசரமாகவே.

பதினொரு நொடி. அவ்வளவுதான் எடுத்தது. "ஏற்கப்படுகிறது. நதேஷ்தா ஸிமினா: காணாமல் ஆக்கப்பட்டோர். யாரால்: அர்சேனி கோபிலினால். இவ்வகை முழுவதற்கும் விதி: தன்னிலை ஒப்புதல் போதுமான சான்று. சூழல் ஆராயப்படாது. முத்திரை."

சுவரில் மஞ்சள் எழுத்து பச்சையானது. ஆக்கப்பட்டோர். பத்தொன்பது வருடம். கோசலை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்ததும் பரமேசு மாமிக்கு அடித்து, "வெண்டிட்டம் மாமி! சொல் பச்சை!" என்று கத்தினாள். எதிர்முனையில் அத்தனை பெண்களும் ஒன்றாகக் கத்தியது கேட்டது. சபாநாதன் மட்டும் கண்ணாடிக்கு அப்பால் அப்படியே நின்றிருந்தார். நடுவம் கடைசியாகச் சொன்ன விதியை அவர் கவனித்திருந்தார். அவள் கவனிக்கவில்லை.

*

மறுநாள் ஆறரை. சொல்நிரையின் முதல் வரியே அதுதான். 'கடல்மணி. 311 பேர். காணாமல் ஆக்கப்பட்டோர். யாரால்: இணைப்பில்.'

ஒரே இரவில் நடுவம் பெயர்களைப் பிடித்துவிட்டது! கறுப்புப் படகுகளை அனுப்பியவன், ஆணை கொடுத்தவன், எல்லோரும் இந்த இணைப்புக்குள் இருக்கிறார்கள். திறந்தாள்.

அகர வரிசை. முதல் பெயர் மாமியின் மகள். 'அருந்ததி, வயது 26. பரமேஸ்வரியால் காணாமல் ஆக்கப்பட்டவர்.'

பிழை என்று நினைத்தாள். அடுத்த வரிக்குப் போனாள். 'அருள்தாசன், வயது 40. மனைவி எலிசபெத்தால் காணாமல் ஆக்கப்பட்டவர்.' அடுத்தது. அடுத்தது. தாயால். தகப்பனால். அண்ணனால். கை தானாகக் கீழே உருட்டிக்கொண்டே போனது. து.

'துஷ்யந்தன், வயது 21. கோசலையால் காணாமல் ஆக்கப்பட்டவர். சான்று: தன்னிலை ஒப்புதல்.'

பன்னிரண்டு வருடத்துக்கு முன், சங்கத்துக்காக, ஏற்றி விட்டவர்களின் வாக்குமூலங்களை வீடு வீடாகப் போய் எடுத்து நடுவத்துக்குக் கொடுத்தவளே அவள்தான். "மெஷின் மாதிரிக் கதைக்காதேங்கோ. வாயில வாறதை அப்பிடியே சொல்லுங்கோ," என்று அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அவர்களும் அழுது அழுது சொன்னார்கள். கறுப்புப் படகுகளில் வந்தவனின் பெயர் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது ஒரே ஒரு பெயர். 'நான்தான் போ போ எண்டு அனுப்பினனான்.' 'நானே என்ர பிள்ளையைத் துலைச்சுப்போட்டன்.' நம் சனம் அழுகிற விதமே அதுதானே. யாரையும் ஏச முடியாதபோது தன்னை ஏசும். அவளுடைய வாக்குமூலத்தின் முதல் வரியும் அதுவே: 'வரமாட்டன் எண்டு நிண்டவனை நான்தான் ஏத்தி விட்டனான்.'

முந்நூற்றுப் பதினொரு 'நான்'. சூழல் ஆராயப்படாது.

அவள் கந்தோருக்கு ஓடினாள். சபாநாதன் மேன்முறையீட்டுப் படிவத்தை முன்பே எடுத்து வைத்திருந்தார்.

"முதலிலை அந்தக் குறிப்பேட்டிலை இருந்து தொடங்குவம் சேர். முப்பத்திரண்டாம் பக்கத்தைக் குடுக்கிறன். நான் மறைச்சனான் எண்டு சொல்லுறன்."

"முத்திரை விழுந்ததை உடைக்கேலாது. நீர் உள்ளுக்குப் போவீர், அவ்வளவுதான்."

"அப்ப எங்கட படகு?"

"ஒவ்வொருத்தரும் தன்ரை வாக்குமூலத்தை வாபஸ் வாங்கலாம். நான் சொன்னது பொய்யெண்டு எழுதிக் குடுக்க வேணும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா கடல்மணியிலை ஆர் ஆர் ஏறினது எண்டதுக்கு வேறை என்ன சான்று இருக்கு கோசலை? துறைமுகப் பட்டியல் எரிஞ்சுபோச்சு. நீங்கள் ஏத்தி விட்டம் எண்டு சொன்னது ஒண்டுதான் மிச்சம். அதை வாபஸ் வாங்கினால் உம்மடை தம்பி அந்தப் படகிலை ஏறவே இல்லை. பதிவிலை அப்பிடி ஒரு ஆளே இல்லை."

அவள் படிவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு பெட்டிகள். 'வாபஸ் பெறுகிறேன்.' 'ஏற்கிறேன்.' ஏழு நாள் அவகாசம்.

*

ஏழாம் நாள் அவர்கள் வந்தார்கள். வாக்குமூலம் கொடுத்தவர்களில் உயிரோடிருந்தவர்கள் நூற்றெண்பது பேர். இறந்துபோனவர்களின் வரிகள் கேள்வியில்லாமலே பச்சையாகியிருந்தன. பட்டுச்சேலை கட்டி வந்தவர்களும் இருந்தார்கள். பெரிய கந்தோருக்குப் போகிறோம் என்ற நினைப்பு. சொற்பொறுப்பாளர் கேள்வியை வாயால் வாசிக்க வேண்டும். அவர்கள் வாயால் பதில் சொல்ல வேண்டும். சட்டம்.

முதல் ஆளாகப் பரமேசு மாமி கதிரையில் அமர்ந்தாள்.

"மாமி, நான் உங்களை..." கோசலை முன்னால் குனிந்தாள். "என்னாலதான் எல்லாம். அந்த ரஷ்யாக்காரன்ர பக்கத்தை நான் மறைச்சுப்போட்டன் மாமி."

"எனக்கு அதெல்லாம் விளங்காது. நீ கேக்கிறதைக் கேள்."

"வாபஸ் வாங்கலாம். பேர் போயிடும்."

"பேர் போனா அருந்ததியும் போயிடுவாள் எண்டு அந்தச் சேர் சொன்னார்." மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பேர் சொல்லு, பேர் சொல்லு எண்டு பத்தொன்பது வருசம் ரோட்டில நிண்டு கத்தினனாங்கள். சொல்லிப்போட்டாங்கள். என்ர பேர்தான். இருக்கட்டும். இவங்கள் சொல்லாட்டியும் நான் ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லிக்கொண்டுதானே இருந்தனான்? கேளடி. பின்னுக்கு ஆக்கள் நிக்கினம்."

கோசலை காட்டியைப் பார்த்து வாசித்தாள். "கடல்மணிப் படகில் சென்ற அருந்ததி, உங்களால் காணாமல் ஆக்கப்பட்டவர் என்பதை ஏற்கிறீர்களா?"

"ஓம்."

எலிசபெத்து வந்தாள். ஓம். ஊன்றுகோலோடு ஒரு தகப்பன் வந்தார். கேள்வி முடிய முன்பே ஓம் என்றார். ஒருத்தி மட்டும் எழுந்து நின்று, "எந்தக் கடல்மணி? எனக்கு மகனே இருக்கேல்லை!" என்று கத்திவிட்டு வாசல்வரை போனாள். வாசலில் நின்றாள். திரும்பி வந்தாள். ஓம்.

ஒவ்வொரு பதிலுக்கும் சுவரில் ஒரு வரி பச்சையானது. மத்தியானம் தாண்டிப் பெண்கள் அதே கூடத்தில் சோற்றுப் பொதியைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். யாரும் கோசலையை ஏசவில்லை. ஒருத்தி அவளுக்கும் ஒரு பொதி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலு மணிக்குக் கூடம் வெறுமையானது. ஒரு வரி மட்டும் மிச்சம் இருந்தது.

சபாநாதன் உள்ளே வந்தார். "நான் வாசிக்கட்டோ?"

"சட்டப்படி நான்தானே சேர் வாசிக்க வேணும்."

அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார். கோசலை தன் கதிரையிலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, எதிர்க் கதிரையில் அமர்ந்தாள். காட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு பிழையும் விடாமல், நிறுத்தி நிறுத்தி, நடுவத்தின் தமிழிலேயே வாசித்தாள்.

"கடல்மணிப் படகில் சென்ற துஷ்யந்தன், உங்களால் காணாமல் ஆக்கப்பட்டவர் என்பதை ஏற்கிறீர்களா?"

கூடத்தில் சோற்று வாசம் இன்னும் இருந்தது.

"ஓம்," என்றாள். "வரமாட்டன் எண்டுதான் நிண்டவன். நான்தான், எல்லாரும் போயினம் நீயும் போ எண்டு, கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்..."

"பதில் பெறப்பட்டது," என்றது நடுவம். "ஆம். நன்றி, கோசலை."

வரி பச்சையானது. கோப்பு மூடியது. வரிசையில் அதற்கடுத்து நின்ற கப்பலின் பெயர் சுவரில் வந்து, அவளுக்காகக் காத்திருந்தது.